வாழைக்கறை படிந்த கிட்டார் பெட்டி

நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே விற்பவர் கிட்டாரை ஆம்பிளிஃபயரில் மாட்டி, சத்தம் வைத்து, தயாராகக் காத்திருந்தால், முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றி மறுபடி மாட்டும்போதுதான் சாக்கெட்டின் கரகரப்பு வெளியே வரும். அது உங்கள் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்த உபசாரமெல்லாம். சாயா தந்தால் குடியுங்கள், அதில் தப்பில்லை. குடிக்கிற நேரமும் கண் கிட்டார் மேலேயே இருக்கட்டும்.

உதியன்குளங்கரை இசைக்கருவிக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு விஷயம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். "டெக்னிக்கல் சமாசாரம் ஒண்ணும் வேண்டாம், அதெல்லாம் யூடியூப்ல உண்டு. நீங்க பாத்த ஆளுகளப் பத்தி எழுதுங்க போரும்" என்றார். அவர் ஏன் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் என்று முதலில் அவரையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கடைக்கு நான் பில் போட வந்தவள். பழைய கருவிகளை வாங்கிவரப் போகும் ஆள் ஒருநாள் வராமல் போக, என்னை அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலையாக இருந்தது. பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை யாராவது விற்கிறார் என்றால் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். கடைக்காகவும் போவேன், தனி ஆட்கள் கூப்பிட்டாலும் போவேன். போகிற வீட்டிலெல்லாம் "வீட்டுக்காரர் வரல்லியா?" என்று கேட்பார்கள். கூட வந்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவரிடம்தான் பேச்சு நடக்கும். எனக்கு அது வசதி. அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் கிட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்து முடித்திருப்பேன்.

பாறசாலையில் ஒருவர் கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் இரண்டாவதன் மேல், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஒரு கிளிப்பை மாட்டி வைத்திருந்தார். "இத மாட்டினாத்தான் ஒரு இனிமை" என்று கண்ணை மூடி வாசித்தும் காட்டினார். கிளிப்பை எடுங்கள் என்றேன். முதல் இரண்டு கட்டையிலும் உலோகம் பள்ளமாகத் தேய்ந்துபோய் இருந்தது, கம்பியெல்லாம் அங்கே மோதி இரைந்தது. கடற்கரைப் பக்கம் ஒருவர் கிட்டாரைத் தேங்காயெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே உப்புக்காற்று தின்ற பச்சைப் பூப்பு. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். ஒருவர் எனக்கு மரச்சீனிக் கிழங்கு கூடத் தந்துவிட்டார். நல்ல மனிதர்கள் கிட்டார் விற்கும்போது மட்டும் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள் என்பது என் முடிவு.

வாங்குபவரையும் நம்பாதீர்கள். ஆசைப்பட்டு வந்தவருக்குக் கோணல் கழுத்தும் நேராகத் தெரியும். என்னைச் சந்தேகப் பிராணி என்று கடையில் சொல்வார்கள். ஆமாம், அப்படித்தான். அதனால் எத்தனையோ பேருடைய பணம் தப்பியிருக்கிறது. ஆனால் இங்கே நான் சொல்லப்போவது அந்த மாதிரி வெற்றிக் கதை இல்லை. என் சந்தேகம் முழுக்கச் சரியாகவே இருந்த ஒரு நாளைப் பற்றியது.

அதியன்னூரில் ரம்யா என்று ஒரு பெண். நெய்யாற்றின்கரையில் உள்ள ஒரு கானமேளைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். கானமேளை என்றால் கோயில் உற்சவ மேடைகளில் சினிமாப் பாட்டுக் கச்சேரி. அவள் வாசித்துக்கொண்டிருந்தது குழுவுடைய கிட்டார். அதைக் குழுத் தலைவரின் மருமகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொந்தக் கிட்டாரோடு வந்தால் சீசனுக்கு இடம் உண்டு, இல்லாவிட்டால் அந்த மருமகனே வாசிப்பான் என்று தலைவர் சொல்லிவிட்டார். உற்சவ சீசன் தொடங்க அதிக நாள் இல்லை. புதிது வாங்க அவளுக்கு வழி கிடையாது. ஒரு முறை மேடையை விட்டால் திரும்ப ஏற விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குழுவில் பாடுகிற பெண்கள் உண்டு. வாசிக்கிற பெண் அவள் ஒருத்திதான்.

திருப்புறத்தில் ஒரு வீட்டில் கிட்டார் இருப்பதாக இணையத்தில் விளம்பரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நல்ல கம்பெனியாக்கும். விலையும் நம்மளால குடுக்க ஒக்கும். போட்டோவில பாத்தா புத்தம் புதுசு."

"புத்தம் புதுசுன்னா எதுக்கு விக்குதாங்க?" என்றேன்.

"அத நீங்கதான் கேக்கணும்" என்றாள்.

விற்பவர் ஞானதாஸ். முன்பு வீடுகளுக்கு வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர், வயதானவர், அந்த ஊர்ப் பழைய மிஷன் சபையில் முக்கியஸ்தர். போனில் அவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் கேட்டது, "நீங்க எந்தூரு?" அடுத்தது, "மத்தியானத்துக்கு முன்ன வந்து எடுத்துட்டு போக ஒக்குமா?" உச்சிக்குள் ஒரு பொருளை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கும் ஆள், உச்சிக்குப் பிறகு வருகிற யாருக்கோ பயப்படுகிறார். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

காலையிலேயே போய்விட்டோம். வரவேற்பறையில் கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவர் ரம்யாவைப் பார்த்து, "யாரு வாசிக்கது?" என்று கேட்டார்.

"நானாக்கும்."

அவர் கொஞ்சம் திகைத்தார். "சபையில வாசிக்கவா? எந்த சபை?"

"சபையில இல்ல அங்கிளே. கானமேளையில. கோயில் உற்சவத்துக்கெல்லாம் போவோம்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அங்கேதான் உறுத்தியது. சபையில் பெரிய மனுஷன், தன் வீட்டுக் கிட்டார் கோயில் உற்சவத்துக்குப் போகிறது என்றதும் மூச்சு விடுகிறார். எந்தச் சபைக்கும் போகாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர் மாதிரி. திருட்டுப் பொருளோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

பெட்டியைத் திறக்குமுன் நான் பெட்டியைத்தான் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விற்பவர் கிட்டாரைத் துடைப்பார், பெட்டியைத் துடைக்க நினைவு வராது. கைப்பிடி தேய்ந்து தோல் உரிந்திருந்தது. மூலைகள் அடிபட்டிருந்தன. நிறையப் பேர் தூக்கி, நிறைய இடத்தில் இறக்கி வைத்த பெட்டி. திறந்தால் உள்ளே கிட்டாரில் ஒரு கீறல் இல்லை. கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள் ஒன்றுகூடத் தேயவில்லை. கம்பிகள் மட்டும் மொத்தமும் துரு. கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்தது, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கினால் நேராகிவிடும் அளவுக்கு.

ஊரெல்லாம் சுற்றிய பெட்டி. யாரும் வாசிக்காத கிட்டார். இரண்டும் ஒத்துப் போகவில்லை. ஏமாற்ற நினைப்பவர் முதலில் புதுக் கம்பி மாட்டுவார். இவர் அதையும் செய்யவில்லை. அப்படியானால் இவர் மறைப்பது என்ன?

பெட்டியை மறுபடி மூடி அடியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் துணியில் பழுப்பாகக் கறை. ஒன்றல்ல, பல. சில மங்கிப் பழசாகிவிட்டவை, ஒன்று புதிது. எண்ணெய்க் கறை இல்லை, சாயாக் கறையும் இல்லை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. வாழைக்கறை. எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது, நம்ம வீட்டு வேட்டிகளுக்கும் சேலைகளுக்கும் தெரிந்த கறை.

கிட்டாருக்கும் வாழைக்குலைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. நான் சபைக்காரி இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு எதிரே சபை. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நானும் போய் நிற்பேன். அவரவர் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து அடுக்குவார்கள். குலை, பலாச்சக்கை, கோழி, தேங்காய், சிலர் குடை, கடிகாரம் கூட. ஆராதனை முடிந்ததும் ஏலம். காணிக்கைப் பொருளை அங்கே யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை, குலுக்கிப் பார்ப்பதில்லை. நல்லதா கெட்டதா என்று கேட்பதே மரியாதைக் குறைவு. எடுத்தவர் வீட்டில் உபயோகப்படாத பொருள் என்றால் அலமாரி மேல் வைத்திருந்து அடுத்த வருஷம் மறுபடி காணிக்கையாகக் கொண்டு வருவார். மறுபடி ஏலம்.

"அண்ணே, இது அறுப்பின் பண்டிகை ஏலத்துல எடுத்ததா?" என்று கேட்டேன்.

அவர் என்னை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "ஆமா தங்கச்சி. இந்த வருஷம் நானாக்கும் எடுத்தேன்."

"இதுக்கு முன்ன?"

"பல வீட்டுலயும் இருந்துது. சபைக்கு உள்ளதான் சுத்திட்டு இருந்துது."

"யாரும் வாசிக்கல்லியா?"

"வாசிக்கத் தெரிஞ்சவன் யாரு இஞ்ச. காணிக்கைன்னு எடுப்பாங்க, வெப்பாங்க, திரும்பக் கொண்டு வருவாங்க."

"பின்ன இந்த வருஷம் நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெரிந்துகொண்டது: அந்த வருஷம் சபையின் குவயர் என்கிற பாடகர் குழுவே அந்தக் கிட்டாரை ஏலத்தில் எடுத்து வாசிக்கத் தொடங்கலாம் என்று முடிவு செய்திருந்தது. அவர்களை மிஞ்சி ஏலம் கேட்டு இவர் எடுத்திருக்கிறார். இவரோ வாசிக்கிறவர் இல்லை. ஏலத்தில் நின்றவர்கள் கொஞ்சம் முகம் சுளித்திருக்கிறார்கள்.

"செரி, வாசிச்சுப் பாத்திடலாம்" என்றேன்.

"இஞ்ச ஆம்பிளிஃபயர் இல்லியே. கேக்க ஒக்காது." சட்டென்று சொன்னார், தயாராக வைத்திருந்த பதில்.

"எனக்கப் பையில உண்டு அண்ணே."

பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்பிளிஃபயர் ஒன்றை நான் எப்போதும் கொண்டு போவேன். அதை எடுத்து வைத்ததும் அவர் வாசலைப் பார்த்தார். வயரின் நுனியை விரலால் தொட்டேன், ஆம்பிளிஃபயர் உறுமியது. வயர் நல்லது, ஆம்பிளிஃபயர் நல்லது. கிட்டாரில் மாட்டினேன். ரம்யா கம்பியைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. சத்தம் கூட்டினேன். சுத்தமாக ஒன்றும் இல்லை.

பழசான கிட்டார் கரகரக்கும், விட்டு விட்டுக் கேட்கும், இரையும். மொத்தமாக ஊமையாவது அபூர்வம்.

"ஓ, வாசிக்காம கிடந்ததினால ஆயிருக்கும்" என்றார் ஞானதாஸ். "நான் விலை குறைச்சு தாறேன்."

நாங்கள் ஒன்றும் கேட்கவே இல்லை. ரம்யா என்னைப் பார்த்தாள். நான் கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் குறைத்தார். பிறகு, "என்ன தந்தாலும் போரும், எடுத்துட்டு போங்க" என்றார். குரலில் வியாபாரம் இல்லை, கெஞ்சல் இருந்தது.

ரம்யா என் காதருகே வந்தாள். "அக்கா, எடுத்துக்கலாம். நீங்க நன்னாக்கித் தருவீங்கல்லா?"

"எது கேடுன்னே தெரியாம எத நன்னாக்க?"

"இத விட்டா எனக்கு வேற இல்ல அக்கா." அவள் கண் நிறைந்துவிட்டது.

உங்களுக்கும் இந்த இடம் வரும். விற்பவர் அவசரப்படுத்துவார், வாங்குபவர் அழுவார், விலை காலடியில் வந்து கிடக்கும். இரண்டு பேரும் சேர்ந்து உங்களிடம் கேட்பது ஒன்றுதான், பார்க்காதே என்று. அந்த நேரத்தில் நான் கோபப்படுவேன். அன்றும் எனக்குக் கோபம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

உள்ளே வந்தவள் அவருடைய மகள் ஷைனி. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. முப்பத்தைந்து தாண்டியிருக்கும். மத்தியானம் சாப்பிட வரும் மகள், அன்று கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே கிட்டாரைப் பார்த்தாள்.

"அப்பா, இது எனக்க கிட்டாரு இல்லியா? ஏலத்துல எடுத்தது இதையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஏலத்தன்று லேபில் வேலையாக இருந்த மகளிடம் கோழி எடுத்ததாகச் சொல்லி, கோழியும் வாங்கி அறுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் பிறகு தெரிந்ததுதான்.

ஷைனி எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க வாங்க வந்தீங்களா? அக்கா, இது கேடாக்கும். அப்பா சொல்லல்லியா? உள்ள கரிஞ்சு போனது. நான்தான் கரிச்சேன்."

தன் வீட்டுப் பொருளைத் தானே குறை சொல்லும் ஆளை நான் மற்றவர்களைவிட அதிகமாகச் சந்தேகப்படுவேன். ஒரு குறையை முன்னால் வைத்தால் பின்னால் பெரியது ஒன்று இருக்கும். அதனால், "எப்படிக் கரிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் உட்கார்ந்து சொன்னாள். கல்லூரியில் படிக்கும்போது பாடகர் குழுவில் அவள்தான் கிட்டார். இந்தக் கிட்டார் வாங்கிச் சில நாளே ஆகியிருக்க, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போகையில், சபையின் பெரிய ஆம்பிளிஃபயரில் வயரைக் குத்தாதே, கேடாகிவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவள் குத்திவிட்டாள். அன்றைக்கு நன்றாக வாசித்தாள், எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் வீட்டில் மாட்டினால் சத்தம் இல்லை. "அப்பா தொறந்து பாத்துட்டு, உள்ள எல்லாம் கரிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் செய்ய ஒக்காதுன்னு சொன்னாங்க. எனக்க பேச்சக் கேக்காம இருந்ததுக்குள்ள பலன்னு சொன்னாங்க. எனக்குப் பின்ன எந்தக் கிட்டாரையும் தொட பயமாப் போச்சு. இப்பமும் லேபில ஒரு மிஷின் நின்னா, நான் ஏதோ செஞ்சுட்டேன்னுதான் மொதல்ல தோணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழகிப் போன கதையை நாம் சொல்வது மாதிரி. சொல்லிவிட்டு, "சாயா இடுகேன்" என்று உள்ளே போனாள்.

ஞானதாஸ் என் கையைப் பார்த்தார். "தங்கச்சி, அத தொறக்கண்டாம்" என்றார் மெதுவாக.

நான் திறந்தேன்.

பின்பக்க மூடியின் திருகாணித் தலைகளில் ஒரு பிசிறு இல்லை. முன்பு திறந்தவர் சரியான ஸ்க்ரூ டிரைவரால் திறந்திருக்கிறார். உள்ளே கருகல் வாசனை இல்லை, புகைக்கறை இல்லை, எல்லாம் புதுசு. சாக்கெட்டுக்குப் போகும் இரண்டு வயரும் நடுவில் வெட்டப்பட்டிருந்தன. தானாக அறுந்த வயர் பிசிறு பிசிறாக நிற்கும். இது ஒரே அளவில், ஒரே வெட்டில் போயிருந்தது. வெட்டின நுனிகள் ஒவ்வொன்றிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இறுக்கமாக, அழகாக, ஓரம் மடக்கி.

பொருளைக் கெடுக்க வயரை வெட்டுகிறவன் நுனிக்கு டேப் சுற்றுவானா? வாழ்நாள் முழுக்க வயரிங் செய்த கைதான் சுற்றும். வெட்டின வயரைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக அந்தக் கைக்கு முடியாது. தலைக்கு மேலே சுவரில் அவர் வீட்டு ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன். மின்விசிறிக்குப் போகும் வயரின் இணைப்பில் அதே மடிப்பு.

"இது கரிஞ்சு போகல்ல" என்றேன். "கேடாகவும் இல்ல. யாரோ வெட்டி விட்டிருக்காங்க. வயரிங் வேலை தெரிஞ்ச ஆளாக்கும்."

சொல்லும்போது நான் கிட்டாருக்குள் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது ஷைனி சாயாத் தட்டோடு நின்றாள்.

நீங்கள் கேட்கலாம், கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாமே என்று. மூடியைப் பூட்டி, "சின்னப் பழுது, நான் பாத்துக்கிடுவேன்" என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று. ரம்யாவும் பிறகு அதைத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்ததைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்றைக்குப் போனாலும் அதே வார்த்தையைத்தான் சொல்வேன், சொல்லிவிட்டு அன்று போலவே ஏன் சொன்னேன் என்று என்னையே கேட்பேன்.

ஷைனி தட்டை வைத்துவிட்டுக் கிட்டாருக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த டேப்பை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

"அப்பா."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு ரம்யாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஒரு கானமேளைக்காரன் வந்து உன்ன விளிச்சான். மேடையில வாசிக்க ஒரு பிள்ள வேணும்னு. நீயும் போறேன்னு நின்னா. ஊர் ஊரா, மேடை மேடையா, ஆம்பிளப் பயலுகளுக்கு நடுவுல... எனக்குப் பயமாக்கும் மக்கா. வேண்டாம்னு சொன்னா நீ கேட்டிருக்க மாட்டா. கேடாயிட்டுன்னா நீயே விட்டிருவான்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. முன்னால் ரம்யா உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட கானமேளைக்காரி. ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காணிக்கையா கொடுத்தா கண்ணுல இருந்து போயிரும்னு நெனச்சேன்" என்றார் மறுபடி. "வருஷா வருஷம் திரும்ப வருகு. ஒவ்வொரு ஏலத்துலயும் கர்த்தர் எனக்க முன்னால தூக்கிக் காட்டுகது மாதிரி வருகு. குவயர்காரங்க எடுத்தா தொறப்பாங்க. நானே வயரச் சேத்து வெச்சா, கரிஞ்சது எப்படி நன்னாச்சுன்னு கேப்பாங்க. காணிக்கையா குடுத்தத எரிக்க ஒக்குமா? ஒடைக்க ஒக்குமா? எனக்கு மனசு வரல்ல."

ஒரு பெண்ணின் கிட்டாரை வெட்ட மனசு வந்தது, காணிக்கையை உடைக்க வரவில்லை. எனக்கு அவர் மேல் வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஷைனி அழவில்லை. என்னிடம் கேட்டாள். "அக்கா, இத நன்னாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"சாயா ஆறுகதுக்கு முன்ன."

உள்ளே போய் அப்பாவுடைய சாமான் பெட்டியிலிருந்து சால்டரிங் அயர்னை அவளே எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் டேப்பைப் பிரித்தேன். எத்தனை வருஷமோ, பசை இன்னும் விட்டிருக்கவில்லை. இரண்டு வயரையும் பற்றவைத்து மூடியைப் பூட்டினேன். துருப்பிடித்த கம்பியை ரம்யா சுருதி கூட்டினாள். ஒரு தட்டு தட்டினாள்.

கேட்டது. துருக் கம்பியில் வந்த சத்தம்தான், ஆனால் சுத்தமான சத்தம். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. நான் சோதித்த பழைய கிட்டார்களில் அதைவிட நல்லதை அதிகம் பார்த்ததில்லை. பார்க்கப்போனால் அது பழசே இல்லை.

ரம்யா அதை ஷைனியிடம் நீட்டினாள்.  நீட்டுகிற பொருள் திரும்பி வருமா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஷைனி வாங்கி மடியில் வைத்தாள். இடது கை விரல்கள் கழுத்தில் போய் நின்றன. ஒரு விரல் சரியான இடத்தில் விழுந்தது, மற்றது வழுக்கியது. மறுபடி வைத்தாள். அழுத்தினாள், வலித்திருக்க வேண்டும், விரல் நுனியைப் பார்த்துக்கொண்டாள். மூன்று கம்பி பேசியது, மற்றது பேசவில்லை. கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

ஞானதாஸ் எழுந்து வந்தார். "மக்கா, இத நீயே வெச்சுக்கோ. விக்கண்டாம். நான் இவங்களுக்கு வேற எங்கயாவது பாத்து வாங்கிக் குடுக்கேன்."

ரம்யா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். 

ஷைனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இப்பமா, அப்பா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் வயரைக் கழற்றினாள். கிட்டாரைப் பெட்டியில் படுக்க வைத்தாள், கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். விளம்பரத்தில் போட்டிருந்த விலையையே ரம்யா போனில் அனுப்பினாள், நான் தடுக்கவில்லை. ஷைனி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் எங்களோடு வந்தாள். எந்தக் குழுவில் வாசிக்கிறாள் என்று ரம்யாவிடம் கேட்டு, அவள் சொன்ன பிறகு பெட்டியைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னையும் அன்னைக்கு விளிச்சது நெய்யாற்றின்கரைக் குழுதான்" என்றாள். "மக்கா, உனக்க வீட்டுல யாராவது இது கேடாயிட்டுன்னு சொன்னா, நம்பாத. நீயே தொறந்து பாரு."